எங்கள் பள்ளிக்கூடத்தைப் பெண் கேட்டு வந்தார்கள்

வெண்ணாற்றுக்குத் தெற்கே எந்த ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், ஒன்று அதைப் பொருத்தக்கா முடித்து வைத்திருப்பார். இல்லையென்றால் "இது நிக்காது" என்று சொல்லிவிட்டு முதல் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது வகைக் கல்யாணம் அந்த வட்டாரத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் அந்தப் பெயரை நானே என் கையால் பலமுறை எழுதியிருக்கிறேன். இருந்தாலும் இப்போது சட்டென்று கேட்டால் முழிப்பேன். தொழில் கல்யாணத் தரகு. ஊர் வைத்த பெயர் பொருத்தக்கா. ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது எல்லாத் தரகரும் செய்வதுதான். இவர் மாட்டுக்கும் மாடு வாங்க வந்தவருக்கும் பார்ப்பார். மினி பஸ்ஸில் ஏறினால், "தம்பி, நீ எந்திரிச்சு அங்க உக்காரு, அவருக்குப் பக்கத்துல உனக்கு ஆகாது" என்று இரண்டு பேரையாவது இடம் மாற்றிவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ராசி ஒத்துவரவில்லை என்று ஒருநாள் பாதி வழியில் இறங்கி நடந்தே வந்துவிட்டார். மறுவாரம் அந்த பஸ் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கியபோது ஊரே பயபக்தியோடு இவரைத்தான் பார்த்தது.

நான் அப்போது கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். மொத்தம் இரண்டு வாத்தியார்கள். ஒருவர் தலைமையாசிரியர், இன்னொருவன் நான். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருந்த தலைமையாசிரியர், மேலிருந்து வரும் போனைக்கூட எழுந்து நின்றுதான் எடுப்பார். பிள்ளைகள் இருபத்தொரு பேர். காலை எட்டு மணிக்குள் நான்கு மஞ்சள் வேன்கள் வந்து, ஊரின் மற்ற பிள்ளைகளை டை, ஷூ சகிதம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர், அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும் என்பது விதி. தேர்தல் நாளன்று வந்திருந்த அம்மாக்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொருத்தக்கா மட்டும் தாமதமாக, ஜாதகப் பையோடு, கூட்டத்தில் இருந்த ஒருத்தியிடம் அவள் தங்கைக்கு வந்த வரனைப் பற்றிப் பேச உள்ளே நுழைந்தார். நின்றுகொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் கை தட்டினோம். பதவியேற்றதும் அவர் செய்த முதல் காரியம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொருத்தம் பார்த்து ஜோடி ஜோடியாக இடம் மாற்றி உட்காரவைத்தது. வகுப்பில் சண்டை பாதியாகக் குறைந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருடைய மகள் யாழினி எங்கள் பள்ளியில்தான் படித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். நல்ல சிரிப்பு, ஓயாத பேச்சு. ஆனால் எழுத்துகளுக்கும் அவளுக்கும் மட்டும் ஆகவில்லை. இன்று சொல்லிக்கொடுத்த எழுத்தை நாளைக் காலையில் யாரோ புதிதாக ஊருக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். முதலில் அவளைச் சேர்க்க மூன்று தனியார் பள்ளிகளுக்கு அழைத்துப் போயிருக்கிறார் பொருத்தக்கா. மூன்று இடத்திலும் பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு, "நல்ல பிள்ளைதான், ஆனா நம்ம இடத்துக்கு ஒத்து வராதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சார், அது என்னோட டயலாக்கு" என்றார் ஒருநாள் என்னிடம். "வேண்டாத வரனைத் தட்டிவிட நான் எத்தனை வீட்டு வாசல்ல இதச் சொல்லியிருப்பேன் தெரியுமா? எனக்கே திருப்பிச் சொல்லுறானுவ."

எங்கள் தலைமையாசிரியர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு, "சாப்பாட்டுத் தட்டு நாளைக்கிக் கொண்டாம்மா" என்றார். அன்றிலிருந்து பொருத்தக்காவுக்கு அவர் 'பெரிய சார்'. அவர் மீது ஒரு குறை சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்.

சரி, பிள்ளை சேர்க்கும் கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஊர் முழுக்கக் குறுவை நடவில் இருக்கும்போது நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்போம். நானும் பெரிய சாரும் போனால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பொருத்தக்கா பள்ளிக்கூடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். கதவு இல்லாத கழிப்பறை தெரியாமல், வேப்பமரம் மட்டும் தெரிகிற மாதிரி. ஒரு வீட்டில் அப்பா சிங்கப்பூரில். வீடியோ காலிலேயே பிடித்துவிட்டார்.

"வயசு கொஞ்சம் கூடத்தான் தம்பி, மறைக்க மாட்டேன். ஆனா அரசாங்க உத்தியோகம். கெட்ட பழக்கம் கெடையாது. வரதட்சணை ஒரு பைசா கேக்காது. மதியம் சோறு, முட்டை அவங்க செலவு."

"அக்கா, மாப்பிள்ளையப் பத்திப் பேசுறீங்களா, ஸ்கூலப் பத்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பெரிய சாரு வேற இங்கிலீஷ்ல கனவு காணுறவரு."

அந்தப் பையன் சேர்ந்தான். பெரிய சார் பாவம், ஒரு மாதம் அந்தப் பையனின் அம்மா கண்ணில் படும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "வெரி குட், வெரி குட், கேரி ஆன்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது. இவ்வளவு பொய் தேவையா அக்கா என்று கேட்டால், "கல்யாணத்துக்கே ஆயிரம் சொல்லலாம்னு அனுமதி இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு நூறு சொல்லக் கூடாதா?" என்பார்.

பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுவந்ததும் அவர்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவதுபோல் ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் நோட்டு, பென்சில், மின்விசிறி, பீரோ என்று வைத்து, மேளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுப்பது. மற்ற ஊர்களில் இது ஒரு மணி நேரத்தில் போட்டோவோடு முடிந்துவிடும். எங்கள் ஊரில் பொருத்தக்கா முறைப்படி நடத்தினார். பள்ளிக்குத் தாய்மாமன் யார் என்ற கேள்வியை எழுப்பினார். பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் பேரன் தான்தான் மாமன் என்றார். கிணறு வெட்டிக் கொடுத்த குடும்பத்துக்காரர் அதெல்லாம் முடியாது என்றார். இருவரும் முதல் தட்டைப் பிடித்து இழுத்ததில் உலக உருண்டை உருண்டு வாய்க்காலுக்குள் போய்விட்டது. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஆஸ்திரேலியாவைக் காணோம். இன்றுவரை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆஸ்திரேலியா கேள்விஞானம்தான்.

ஆனால் அன்றைக்கு ஒன்று நடந்துவிட்டது. சீர் செய்துவிட்டதால் பள்ளி அந்த ஊரின் வீட்டுப் பெண் ஆகிவிட்டது. அதை மற்றவர்கள் மறந்தாலும் பொருத்தக்கா மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அறக்கட்டளை வந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை அவர்கள் எடுத்து நடத்துவார்களாம். கட்டடமும் இடமும் அரசாங்கத்தினுடையது. கட்டணம் கிடையாது. ஆசிரியர்களை அவர்களே போட்டுக்கொள்வார்கள்; எங்கள் இருவரையும் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் போதும், மேலே எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றார்கள். ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன மதிப்பீடு மட்டும் இருக்கும் என்று அவர்கள் கொடுத்த காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரக் கொஞ்சம் ஆசைதான். மாற்றல் கிடைத்தால் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடலாம்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் என்று இஸ்திரி கலையாத சட்டையில் ஓர் இளைஞன் வந்தான். வந்து உட்கார்ந்ததும் லேப்டாப்பைத் திறந்தான். பொருத்தக்கா அதை மெதுவாக மூடினார்.

"பொண்ணு கேட்டு வந்துருக்கீங்க. ஒரு வாய் கேசரி சாப்பிடாம பொட்டியத் தொறந்தா எப்படி தம்பி? தம்பிக்கு என்ன நட்சத்திரம்?"

அவன் கேசரி சாப்பிட்டான். பஜ்ஜி சாப்பிட்டான். நட்சத்திரம் அனுஷம் என்றும் சொல்லிவிட்டான். நாலு மாதம் முன்பு மாப்பிள்ளையாக இருந்த பள்ளி இப்போது பெண்ணாகிவிட்டதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

"இதுக்கு முன்னாடி எத்தன ஸ்கூலு எடுத்துருக்கீங்க?"

"பதினொண்ணு மேடம்."

"பதினொண்ணா! பதினொண்ணையும் வச்சுக் காப்பாத்துறீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத பையன். "மூணுல இருந்து எக்ஸிட் ஆயிட்டோம் மேடம். சஸ்டெயினபிளா இல்ல" என்றான்.

பொருத்தக்கா பெரிய சார் பக்கம் திரும்பினார். "மூண அத்து விட்டுட்டாங்களாம் சார்."

பெரிய சார் எதற்கு என்று தெரியாமல் எழுந்து நின்றார்.

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. நாங்க வீடு பாக்க வரணும். பாத்துட்டுதான் பதில் சொல்லுவோம்" என்று அவனுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினார்.

நாகப்பட்டினம் பக்கம் அவர்கள் நடத்தும் ஒரு பள்ளிக்கு நாங்கள் மூவரும் பஸ் ஏறினோம். இறங்கியதும் நான் பள்ளி வாசலை நோக்கி நடந்தேன். பொருத்தக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "மாப்பிள்ளையப் பத்தி மாப்பிள்ளை வீட்லயே கேக்குறவன் அசடு சார். எதுத்தாப்ல இருக்குற டீக்கடைல கேக்கணும்."

கடைக்காரரான பாய் எங்களுக்கு மூன்று டீ போட்டுக்கொண்டே சொன்னார். "நல்லா நடத்துறாங்கம்மா. பொய் சொல்லக் கூடாது. எம் பேத்தி ரெண்டாவது படிக்குது, இங்கிலீஷ்ல என்னையே வையுது."

"ஒரே பேத்திதானா பாய்?"

"பேரன் ஒருத்தன் இருக்கான். கொஞ்சம் மெதுவான புள்ள. நாலாவதுல இருக்கப்ப எங்களக் கூப்ட்டு, இவனுக்கு இந்த எடம் சரிப்படாது, வேற நல்ல எடமாப் பாருங்கன்னு மரியாதையாச் சொன்னாங்க. டீயெல்லாம் குடுத்தாங்க." அவர் கிளாஸைத் துடைத்தார். "இப்ப ரெண்டு பஸ் மாறிப் போறான்."

பொருத்தக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவர் ஒரு பானத்தைப் பாதியில் வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

பள்ளிக்குள் போனோம். அழகான பள்ளி, குறை சொல்ல முடியாது. சுவரெல்லாம் வண்ணம். கழிப்பறைக்குக் கதவு இருந்தது. பெரிய சார் அதை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிள்ளைகள் எங்களுக்குக் குட் மார்னிங் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பெரிய சார் "கேரி ஆன்" என்றார். பொருத்தக்கா எதையும் பார்க்கவில்லை. வகுப்புகளின் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒன்றாம் வகுப்பு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. ஐந்தாம் வகுப்பு வாசலில் ஒரே ஒரு வரிசை.

திரும்பும் பஸ்ஸில் அவர் யாரையும் இடம் மாற்றவில்லை. திருவாரூர் தாண்டிய பிறகு, "மாப்பிள்ளை ராஜா மாதிரிதான் இருக்கான் சார். ஆனா எம் பொண்ணு நாலாவது படிக்கிறா" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் வேண்டும் என்று நினைத்ததற்காக எனக்கு என் மீதே கோபம் வந்தது.

தீர்மானத்துக்குக் கூட்டம் வைத்த நாள். ஊரே வந்திருந்தது. பொருத்தக்கா வேண்டாம் என்று சொல்லத் தயாராக, தலைக்குக் குளித்து வந்திருந்தார். இந்த நேரத்தில்தான் எங்கள் பெரிய சார் அந்த மாபெரும் காரியத்தைச் செய்தார்.

ஒருங்கிணைப்பாளர் பையனுக்கு யாரோ நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார்கள், அந்தம்மாவிடம் வெறுங்கையோடு போகாதே என்று. அவன் ஒரு தாம்பாளத்தில் ஆப்பிள், திராட்சை, வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்து, மேலே ஒப்பந்தக் காகிதத்தையும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு என்று ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் தயாராக இருந்தது. மேலிடத்து ஆள் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிப் பழகிய பெரிய சார் பாய்ந்து அவன் தட்டை வாங்கினார். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற மரியாதையில் எங்கள் தட்டைத் தூக்கி அவன் கையில் வைத்தார்.

தட்டு மாற்றியாகிவிட்டது! எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தம் என்றால் இதுதான். இதற்கு மேல் கையெழுத்து, சாட்சி எதுவும் வேண்டாம்.

யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும் கை தட்ட வேண்டும் என்று நாங்கள் பழக்கி வைத்திருந்த பிள்ளைகள் எல்லோரும் படபடவென்று கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில் குலவையே போட்டுவிட்டார். இரண்டு தாய்மாமன்களும் முதல்முறையாக ஒற்றுமையாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் வந்தார்கள். "அப்ப முடிஞ்சுதா?" என்று யாரோ கேட்க, "தட்டு மாத்தியாச்சுல்ல" என்று யாரோ பதில் சொன்னார்கள். பெரிய சாருக்கு என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

பொருத்தக்காவைப் பார்த்தேன். இருபது வருஷத் தொழிலில் அவர் முன்னால் மாற்றிய தட்டு ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அவருக்கு இருந்த ஒரே முதல் அந்தப் பெயர்தான். நிச்சயத்தை முறித்த தரகர் கையில் யார் ஜாதகம் கொடுப்பார்கள்? யாழினி முன்வரிசையில் உட்கார்ந்து இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

பொருத்தக்கா எழுந்தார். "தட்டு மாத்தினது மாத்தினதுதான். பேச்சு மாற மாட்டோம். ஆனா நிச்சயப் பத்திரிகைல பொண்ணு வீட்டு நிபந்தனைன்னு ஒண்ணு எழுதலாம். எழுதுங்க சார்" என்று என்னிடம் தீர்மானப் புத்தகத்தைத் தள்ளினார்.

"இந்த ஊர்ப் புள்ளை எது வந்தாலும் கேள்வி கேக்காம சேத்துக்கணும். ஒத்து வருதா, வரலையான்னு யாரும் பொருத்தம் பாக்கக் கூடாது. அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் ஒரு புள்ளையக்கூட வேற எடம் பாருங்கன்னு சொல்லக் கூடாது. இதுல கையெழுத்துப் போடுங்க தம்பி, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

பொருத்தம் பார்க்கக் கூடாது என்று பொருத்தக்கா வாயாலேயே கேட்டதும், குலவை போட்ட அம்மாள் "யாரு சொன்னது?" என்று பக்கத்தில் விசாரித்தார்.

பையன் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டான். நெடுநேரம் "எஸ் சார், பட் சார்" என்று பேசினான். திரும்பி வந்து, "மேடம், மத்ததெல்லாம் ஓகே. இது மட்டும் எழுத்துல தர முடியாதுங்கறாங்க. ரிசல்ட் காட்டணும்ல?" என்றான். பாவம், அவன் குரலே இறங்கிவிட்டது.

"அப்ப நான் முறிக்கிறேன் தம்பி." பெரிய சார் கையிலிருந்த தட்டை வாங்கி, ஒரு திராட்சைகூடக் குறையாமல் அவன் கையில் கொடுத்தார். "எம் பேர்ல ஒண்ணு முறிஞ்சதா இருக்கட்டும். பரவால்ல."

அறக்கட்டளை வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனது. எங்கள் பள்ளி அப்படியே இருக்கிறது. கழிப்பறைக்கு ஒரு கதவு வந்தது. இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு கீல் வாங்கிக் கொடுத்தார்கள். மஞ்சள் வேன் நான்கிலிருந்து ஐந்தாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் மேளம் கொட்டவில்லை.

பொருத்தக்காவுக்கு அதற்குப் பிறகு ஆறேழு மாதம் ஒரு ஜாதகமும் வரவில்லை. நிச்சயத்தை முறித்தவர் என்று காது குத்துக்குக்கூட அவரை முன்னால் நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஜாதகப் பை வற்றிப்போய் அதில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனார். வாய் மட்டும் வற்றவில்லை. பிறகு ஒருநாள் அவர் போனுக்கு வாட்ஸப்பில் ஒரு ஜாதகம் வந்தது. அனுஷ நட்சத்திரம். அனுப்பியவன் வேறு யாருமில்லை, அந்த ஒருங்கிணைப்பாளர் பையன்தான். "நீங்க பாத்தாச் சரியா இருக்கும் மேடம்" என்று கீழே எழுதியிருந்தான். அவனுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி டீச்சரை முடித்து வைத்தார். பழிவாங்கலா அக்கா என்று கேட்டேன். "ச்சே, பத்துக்கு எட்டு சார்" என்றார், முகத்தில் ஒன்றும் தெரியாமல். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பழைய கூட்டமும் மெல்லத் திரும்பி வந்தது.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் ஏப்ரல் கடைசியில் யாழினியின் மாற்றுச் சான்றிதழை நான்தான் அச்செடுத்தேன். அவள் தன் பெயரை முழுதாக எழுதுவாள். பஸ் போர்டு வாசிப்பாள், கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் பஸ் போய்விடும். சான்றிதழை வாங்க வந்த பொருத்தக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆயிரக்கணக்கில் கட்டம் படித்த கண்கள் ஒரே கட்டத்தில் நின்றன.

"கண்ணாடி கொண்டாரல சார். இந்த எடத்துல என்ன போட்டுருக்கு, வாசிங்க."

"பள்ளியை விட்டு விலகும் காரணம்: ஐந்தாம் வகுப்பு முடித்ததால்."

"இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன். கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம்வரை கேட்டிருந்தாலும் வாசித்திருப்பேன்.